மூன்று வட்டங்களும் ஒரு மஞ்சள் பாஸும்

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டாவது மாடி ஐ.சி.யூ வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். லிஃப்ட் பக்கத்தில் செக்யூரிட்டி ஏழுமலை. உள்ளே படுத்திருந்த பெண்ணின் அம்மா. அந்த அம்மாவின் தம்பி, அதாவது பெண்ணுக்குத் தாய்மாமன். பெண்ணுடைய புருஷனின் அண்ணன். உள்ளே போய்ப் பார்ப்பதற்கான மஞ்சள் பாஸ் அவர் கழுத்தில்தான் தொங்கியது. ஆறாவது, கீழே ரிசப்ஷனிலிருந்து படியேறி வந்த ரோஸ்லின். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த சிஸ்டரையும் பெண்ணையும் நான் சேர்க்கவில்லை. ஆள் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டேனோ என்ற பயம் வந்தால் எனக்கு மேலே எழுத ஓடாது.

புதிதாக ரிசப்ஷனிலும் கேட்டிலும் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். மூன்று நாள் பயந்துகொண்டே இருந்தேன். நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். லாரி கிளீனராகப் போய், செங்கல்பட்டில் இந்த ஆஸ்பத்திரிக்கு வார்டு வேலைக்கு வந்து, கடைசியில் ஐ.சி.யூ வாசல் பொறுப்பில் நின்று ஓய்வு பெற்றவன். நீங்கள் எல்லாம் டிகிரி. படித்துவிட்டுச் சிரிப்பீர்களோ என்னவோ. பாஸ் கொடுப்பது, ரெஜிஸ்டர் எழுதுவது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது ஒரு வாரத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். நான் சொல்லப்போவது என் பொறாமையைப் பற்றி. ஊரும் உறவும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பொறாமையை மாற்றவில்லை.

ரோஸ்லின் வந்து சேர்ந்தபோது எனக்கு இங்கே பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவளுக்கு. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருவாள். அப்பா அம்மா கூலி வேலை, வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், விசாரித்தேன். எங்கேயாவது ஒரு குறை அகப்படாதா என்று விசாரித்தேன். பஸ்ஸால் இரண்டு நாள் நாலு நிமிஷம் தாமதமாக வந்தாள். அதை என் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை. சும்மா எழுதி வைத்தேன்.

கத்திக்கொண்டு வருகிற ஆள் அவள் கவுன்டருக்குப் போய் இரண்டு நிமிஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். அதே ஆள் என் வாசலுக்கு வந்தால் இன்னும் அதிகமாகக் கத்துவான். டாக்டர்களே, "ரோஸ்லின் எங்க? ரோஸ்லினைப் பேசச் சொல்லுங்க" என்பார்கள். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவள் படத்தை லிஃப்ட் எதிரே மாட்டினார்கள். மூன்று மாதம் தொடர்ந்து அவள் படம்தான். நான் அந்தப் பக்கம் லிஃப்டில் போவதை நிறுத்திவிட்டுப் படியில் ஏறினேன். முட்டிவலி அப்போது வந்ததுதான். அவள் பேசுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் பிரமாதமாகப் பேசமாட்டாள். அதுதான் இன்னும் எரியும்.

இந்தச் சமயத்தில் வாசலிலும் கவுன்டரிலும் சண்டை அதிகமாகிவிட்டது என்று ஒரு அம்மாவைக் கூட்டிவந்து எங்களுக்கு நாலு சனிக்கிழமை வகுப்பு வைத்தார்கள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, பிறகு மனோதத்துவம் படித்தவர். போர்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று வட்டம் போட்டார். மேலே பெற்றோர். நடுவில் வளர்ந்தவர். கீழே குழந்தை. ஒவ்வொரு மனுஷனுக்குள்ளும் இந்த மூன்றும் இருக்கிறது, எந்த நேரத்தில் எதில் நின்று பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எதிராளி பதில் சொல்வான் என்றார்.

வார்டு பாபு கையைத் தூக்கினான். "மேடம், எனக்குக் கல்யாணமே ஆவல. எனக்கு எதுக்கு பெற்றோர் வட்டம்?"

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார். "உங்கப்பா உன்னைத் திட்டுன குரல் இன்னும் காதுல இருக்கா?"

"கீது மேடம். நேத்து கூட திட்டுனாரு."

"அதே குரல்ல நீ யாரையாவது திட்டியிருக்கியா?"

பாபு தலையைச் சொறிந்தான். "ஆமா. என் தம்பிய."

"அதான் உன் பெற்றோர் வட்டம். பெரியவங்க பேச்சு, அதட்டல், அரவணைப்பு எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். குழந்தை வட்டத்துல சின்ன வயசுல நீ பட்ட பயம், அழுகை, சந்தோஷம், வீம்பு. நடுவுல இருக்கற வளர்ந்தவர், இப்ப கண்ணு முன்னால இன்னா நடக்குதுன்னு பார்த்துப் பேசுவார். வயசுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

ஒரு உதாரணம் சொன்னார். வாசலில் ஒருவர் வந்து "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்கிறார். அது வளர்ந்தவர் கேட்கிற கேள்வி. "நாலரைக்கு" என்றால் கோடு நேராகப் போய் நேராகத் திரும்பும். "வரும்போது வருவாரு, போய் உக்காருங்க" என்றால், நாம் மேல் வட்டத்தில் ஏறி நின்றுகொண்டு அவரைக் கீழ் வட்டத்துக்குத் தள்ளுகிறோம். போர்டில் இரண்டு கோடும் குறுக்கே வெட்டிக்கொண்டன. வெட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு தட்டுத் தட்டி, "இங்கதான் சட்டையைப் புடிக்கிறாங்க" என்றார்.

கடைசி நாள் இன்னொன்றும் சொன்னார். "இந்த வட்டமெல்லாம் உங்களைப் பாத்துக்கறதுக்கு. அடுத்தவங்க நெத்தியில ஒட்டறதுக்கு இல்ல." நான் அதை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். இரண்டு கோடு.

அந்த வகுப்பை நான் படித்த மாதிரி வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். வீட்டில் விடியற்காலையில் எழுந்து மனப்பாடம் செய்தேன். கடைசி சனிக்கிழமை இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு சின்னப் பரீட்சை. எனக்கு இருபது. ரோஸ்லினுக்குப் பதினாலு. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானத்தை நான் பார்த்ததில்லை. அவள் வந்து, "சூப்பர்ணே, எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று சிரித்தாள். அவளுக்கு வயிறு எரிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை நர்ஸ் ரூமில் வைத்தோம். பேஷண்டிடமோ கூட வந்தவரிடமோ, நமக்குள்ளேயோ, அதட்டுகிற பெற்றோர் குரலில் யார் பேசினாலும் டப்பாவில் பத்து ரூபாய். சனிக்கிழமை அந்தக் காசில் எல்லோருக்கும் டீ, போண்டா. கணக்கு நோட்டு என்னிடம். பயந்தாங்கொள்ளி, ஒரு ரூபாய் விடமாட்டான் என்று எல்லோரும் சேர்ந்து கொடுத்தார்கள். பேசினவன் நல்லெண்ணத்தில் பேசினானா அதட்டினானா என்று சந்தேகம் வந்தால் நான் சொல்வதுதான் தீர்ப்பு.

ஒரு நாள் லிஃப்ட் கதவு மூடும்போது ஒரு சின்னக் குழந்தை ஓடியது. ரோஸ்லின் "நில்லு!" என்று கத்தினாள். நான் பத்து ரூபாய் எழுதினேன். இன்னொரு நாள் ஒரு பெரியவரிடம், "மாத்திரையை இப்பவே போட்டுக்கங்க" என்றாள். பத்து ரூபாய். அவள் ஒரு தரம்கூட வாதாடவில்லை. பர்ஸைத் திறந்து போட்டுவிட்டுப் போவாள். அப்படிப் பதினொரு தடவை. நோட்டில் என் பெயருக்கு நேராக ஒன்றுகூட இல்லை. யார் எழுதுவார்கள்? நோட்டு என்னிடம் இருந்தது.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். கல்யாணமாகி ஆறு மாசம். கோவளம் தாண்டி ஈ.சி.ஆர் ரோட்டில் புருஷனோடு பைக்கில் போய் விழுந்துவிட்டாள். புருஷனுக்குக் கால் முறிந்து கீழ்மாடியில் படுத்திருந்தான். இவளுக்குத் தலையில் அடி, வலது காதோடு சேர்த்துப் பெரிய கட்டு. ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ்தான். சேர்த்தது புருஷனின் அண்ணன் என்பதால் பாஸ் அவரிடம். அம்மாவுக்கு மறுநாள்தான் தகவல் போயிருக்கிறது. செய்யூர் பக்கத்திலிருந்து மதுராந்தகம் வந்து பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். அண்ணன் பாஸைத் தரமாட்டேன் என்கிறார். உள்ளே போய் அழுது கலாட்டா பண்ணுவார்களாம்.

தாய்மாமன் கத்தினார். "இன்னாய்யா இது? பெத்தவ வாசல்ல நின்னுகினு கீறா, எவனோ கழுத்துல பாஸ் மாட்டிகினு நிக்கிறான்!"

"எவனோவா? ஆஸ்பத்திரியில சேத்தது நானு. கையெழுத்து போட்டது நானு" என்றார் அண்ணன்.

"சத்தம் போடாதீங்க" என்று நான் சத்தம் போட்டேன். "ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ். எத்தினி தடவ சொல்றது? போர்டுல எழுதிக் கீது, படிக்கத் தெரியாதா?"

அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "நைனா, ஒரே நிமிஷம். ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க. உள்ள போயி ஓன்னு அழுவீங்க. அப்புறம் எனக்குத்தான் பேஜாரு. போய் அந்தாண்ட உக்காருங்க."

உங்களுக்கு இதைப் படிக்கும்போதே தெரிகிறது, நான் எந்த வட்டத்தில் நின்றேன் என்று. இருபதுக்கு இருபது வாங்கிய எனக்குத் தெரியவில்லை. பயம் வந்தால் எனக்கு அதட்டல் வரும். அப்போதும் அதுதான் வந்தது.

அந்த நேரத்தில் படியில் ரோஸ்லின் ஏறி வந்தாள். ஏழுமலை இன்டர்காமில் கூப்பிட்டிருக்கிறான். நான் ஒருத்தன் இங்கே குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், என்னைக் கேட்காமல் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் மாமன், அம்மா, பாஸ் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. நானே இதை முடித்துக் காட்ட வேண்டும், அதுவும் வகுப்பில் படித்ததை வைத்தே முடித்துக் காட்ட வேண்டும், அவள் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமனிடம் சொன்னேன். "இதோ பாருங்க. இப்ப நீங்க குழந்தை நிலையில இருந்து பேசறீங்க. வளர்ந்தவரா பேசுங்க."

ஒரு நொடி அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"யார்ரா கொழந்த? ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்துட்டு நிக்கிறேன், என்னப் பாத்து கொழந்தன்றான் பாருடா!" நாற்காலியை எட்டி உதைத்தார். ஏழுமலை ஓடிவந்து அவரை இடுப்போடு கட்டிப் பிடித்தான். "அண்ணாத்த, வுடு, வுடு. அவரு எப்பவும் அப்டித்தான் பேசுவாரு" என்று என்னையும் சேர்த்து வாரினான்.

ரோஸ்லின் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அண்ணே, நான் அந்த அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"உன்ன யாரு கூப்ட்டா? போய் உன் கவுன்டரப் பாரு. இது என் கேட்டு."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. நான் மூத்தவன் என்று மதித்துப் படியிறங்கிப் போய்விட்டாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி ஏழு நிமிஷம்.

கண்ணாடிக் கதவைத் திறந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே சத்தம்? அந்தப் பொண்ணு மறுபடியும் ட்யூபைப் புடிச்சு இழுக்குது. கையக் கட்டிப் போட்டிருக்கோம். எவ்ளோ கூப்ட்டாலும் திரும்ப மாட்டேங்குது. நாலரைக்கு ஸ்கேன். இப்டியே இருந்தா மருந்து குடுத்துத் தூங்க வச்சு மூச்சு மெஷின்ல போட்டுடலாம்னு டாக்டர் சொல்றாரு."

கதவு மூடியது. 'கூப்ட்டாலும் திரும்ப மாட்டேங்குது' என்ற இடத்தில் அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். அழவில்லை. பாஸ் வைத்திருந்த அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். எதையோ சொல்ல வாய் திறந்து மூடினார். என்னைப் போல எப்போதும் பயந்துகொண்டிருப்பவனுக்கு அடுத்தவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இந்த அம்மாவிடம் ஏதோ இருக்கிறது, அது அந்த ஆளுக்குத் தெரியக்கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கத் தெரிந்தவளை நான் கீழே அனுப்பிவிட்டேன்.

வயிற்றில் ஒரு குளிர். அந்தக் குளிர் எனக்குப் பழக்கமானது. ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். பாதிக் கணக்கில் நின்றுவிட்டேன். "நீ போய் உக்காரு" என்று சாக்பீஸைப் பிடுங்கி இன்னொருவன் கையில் கொடுத்தார். அவன் இரண்டே வரியில் முடித்தான். வகுப்பு கை தட்டியது. அடுத்த வாரத்திலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் கஷ்டம், அதனால் நின்றேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கஷ்டம் இருந்தது உண்மை. நான் நின்றது அந்தக் கைதட்டலால்.

வாசலில் நின்ற எனக்கு ஐம்பத்தாறு வயசு. ஆனால் ரோஸ்லின் படியில் தெரிந்த நிமிஷத்திலிருந்து நான் பதினாலு வயசில் நின்றுகொண்டிருந்தேன். சாக்பீஸைப் பிடுங்கிவிடுவாள் என்று கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். மாமன் நெற்றியில் ஒட்டினேனே, அந்தக் கீழ் வட்டம் என்னுடையது. அந்த மனுஷன் பாவம், நியாயமாகத்தான் கோபப்பட்டார்.

இதெல்லாம் புரிந்தவுடன் நான் போனை எடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். புரிந்த பிறகும் கை போகவில்லை. ரிசப்ஷன் நம்பர் ஒற்றை இலக்கம். அதை அழுத்த எனக்கு எட்டு நிமிஷம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே ஒரு பெண் கை கட்டப்பட்டுக் கிடக்கிறது. நாலு பதினைந்துக்கு அழுத்தினேன்.

"ரோஸ்லின், கொஞ்சம் மேல வாம்மா."

வந்தாள். என்னைக் குத்திக் காட்டுவாள் என்று பார்த்தேன். "இன்னாணே, இன்னா பண்ணணும்?" என்றாள்.

"எனக்குத் தெரியல" என்றேன். வேலையில் சேர்ந்து அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. "அந்த அம்மாகிட்ட ஏதோ கீது. நீ கேளு."

அவள் நேராக அந்த அம்மாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, உள்ள போனா மொதல்ல பொண்ணுகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

இவ்வளவுதான். அழாதீங்க என்றோ, பயப்படாதீங்க என்றோ, ரூல்ஸ் என்றோ ஒன்றும் இல்லை. உண்மையிலேயே பதில் வேண்டும் என்று கேட்கிற கேள்வி. அந்த அம்மா வாயைத் திறந்தார். மறுபடியும் கண் பாஸ்காரரிடம் போயிற்று. ரோஸ்லின் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் அந்த அண்ணனிடம் போனேன். "சார், ஸ்கேனுக்குக் கீழ கவுன்டர்ல ஒரு கையெழுத்து பாக்கி கீது. நாலரைக்குள்ள போடணும். நீங்க போய்ட்டு வர வரைக்கும் பாஸ் இங்க கொடுத்துட்டுப் போறீங்களா? அந்த நேரத்துல அந்தம்மா உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடுவாங்க. வந்ததும் வாங்கிக்கங்க."

பொய் இல்லை, கையெழுத்து பாக்கி இருந்தது. அவர் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டார். "அழுது ரகளை பண்ணக் கூடாது" என்றார். "நான் கூடவே நிக்கிறேன் சார்" என்றேன். கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். ரொம்ப நேரமாக அவரை யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லோரும் அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தோம்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா சொன்னார். "அவளுக்கு எடது காது பொறந்ததுலருந்து கேக்காதும்மா. அத மறைச்சிதான் கட்டிக் குடுத்தோம். இப்ப கேக்கற காதுல கட்டுப் போட்டு கீறாங்களாமே. நீங்க கூப்டறது அவளுக்கு வுழாதும்மா. ஒண்ணும் புரியாம பயந்துகினு கீறா எம்பொண்ணு."

நான் கதவைத் திறந்தேன். சிஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, காதுப் பக்கம் கட்டை லேசாகத் தளர்த்தினார். அந்த அம்மா குனிந்து, "பாப்பா, அம்மா வந்துகீறேன். ஆஸ்பத்திரி இது. கைய இழுக்காத" என்றார். பெண் கண்ணைத் திறந்து அம்மா பக்கம் திரும்பியது. கையில் துடிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கைக்கட்டை அவிழ்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அன்றைக்கு மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காது விஷயம் பேஷண்ட் ஃபைலில் ஏறியது. அந்த அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை. அது அந்தக் குடும்பத்துப் பேச்சு.

அவளைப் பிழைக்க வைத்தது டாக்டர்கள். நாங்கள் ஒரு வாசலைத் திறந்தோம், அவ்வளவே. அதையும் நான் இருந்த இருப்பில் கால் மணி நேரம் தாமதமாகத் திறந்தோம்.

ஷிஃப்ட் முடியும்போது ரோஸ்லின் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இன்னிக்கு டப்பாவுக்கு எவ்ளோ?" என்று சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. "எமர்ஜென்சில பேசறதெல்லாம் கணக்குல வராது" என்றேன். "ஓ, சரிண்ணே" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாசம் கழித்து அந்தப் பெண் நடந்தே வந்தாள், அம்மாவோடு. ஒரு மஞ்சள் பை நிறைய வேர்க்கடலை. அதை ரோஸ்லினிடம் கொடுத்தார்கள். என்னைப் பார்த்து அந்த அம்மா கும்பிட்டார், பை அவளுக்குத்தான். பாதியைக் காகிதத்தில் கொட்டிப் பொட்டலமாகக் கட்டி என்னிடம் கொண்டுவந்தாள் ரோஸ்லின். எனக்கு வேண்டாம் என்றேன். மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு எடுத்துப் போய் யாருக்கும் தராமல் நானே தின்றேன்.

புதியவர்களே, பொறாமைப்படாதே என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது வரும். வாசலில் யாராவது கத்தும்போது, கூட வேலை செய்கிறவர் உங்களைவிட நன்றாகச் செய்யும்போது, வயிற்றில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். அங்கே எத்தனை வயசு என்று கேட்டுப் பாருங்கள். வயசு தெரிந்தால் போன் பக்கம் கை போகும். எனக்கு எட்டு நிமிஷம் ஆயிற்று. உங்களுக்கு நாலு நிமிஷத்தில் போனால் போதும்.

ஆஸ்பத்திரியைப் புதுப்பித்தபோது நர்ஸ் ரூமை இடித்தார்கள், டப்பா போயிற்று. நோட்டு என் வீட்டில் இருக்கிறது. ரோஸ்லின் இப்போது மேனேஜர். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். பணத்தை உறையில் போட்டு இரண்டு தரம் அவள் அறை வரைக்கும் போயிருக்கிறேன். கதவில் அவள் பெயர் பித்தளையில் மின்னுவதைப் பார்த்ததும் வயிற்றில் அந்தக் குளிர் வந்து, திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் தரமாக இதை எழுதுகிறேன், அவள்தான் முதலில் படிப்பாள். அநியாயமாக அவள் பெயரில் நான் எழுதிய பதினொன்றுக்கு நூற்றுப்பத்து. அந்தச் சாயங்காலம் மாமனிடம் இரண்டு, அந்த அம்மாவிடம் ஒன்று, ரோஸ்லினிடம் ஒன்று, ஆக நாலுக்கு நாற்பது. நான் இன்னும் தர வேண்டிய பாக்கி நூற்றைம்பது ரூபாய்.